சேவல் கூவாத வாக்குச்சாவடி

"நாலு பேரு. முகமூடி. ஆத்தங்கரை. பெட்டி போச்சு."

ஐலேலி ஸ்டேஷனின் லாக்கப் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எலெயுதேரியோ இதை நான்காவது தடவையாகச் சொன்னான். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

"ஜெபம் மாதிரி ஒப்பிக்கிறான் அக்கா," என்று அகபிதோ காதைக் கடித்தான். "கடைசியில ஆமென் போடாததுதான் பாக்கி."

ஒலாந்தினா ரப்பர் பேண்டால் கட்டிய மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கைதியையே பார்த்தாள். தலைநகர் டிலியின் போலீசில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது கடற்கரைச் சாலையில் ஒரு மாடியறையில் தனியார் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். போலீசை விட்டு வரும்போது அவள் கையோடு கொண்டுவந்தவை இரண்டு பழக்கங்கள். ஒன்று வெற்றிலை, இன்னொன்று யார் எதைச் சொன்னாலும் நம்பாதது. அகபிதோ மைக்ரோலெட் வண்டியில் கண்டக்டராக இருந்து, வாய் நீளத்தால் வேலையை இழந்தவன். அந்த வாய்க்காகவே அவள் அவனை உதவியாளனாக வைத்துக்கொண்டிருந்தாள்.

நாடு மூன்று நாளாகத் தூங்கவில்லை. ஜனாதிபதி தேர்தலின் முதல் சுற்றில் ஒன்பது பேர் நின்று, எவருக்கும் பாதி தேறாமல், இரண்டாம் சுற்றில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் விடுதலைப் போரின்போது காட்டில் துப்பாக்கி பிடித்த தளபதி நிக்கோடெமோஸ். மற்றவர் அதே காட்டில் அவருக்கு மருந்து கட்டிய டாக்டர் வால்டெமார். மற்ற எல்லா ஊர்ப் பெட்டியும் எண்ணி முடித்தபோது டாக்டர் தொண்ணூற்றேழு ஓட்டு முன்னால் இருந்தார். ஒரே ஒரு பெட்டி பாக்கி. பாத்துமெரா மலைக் கிராமத்தின் பெட்டி, இருநூற்றுப் பதினான்கு ஓட்டு. இரண்டு வேட்பாளர்களும் பதவியேற்புக்குக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டார்கள். தையல்காரன் ஒருவனே என்பதால் அவன் மட்டும் நிம்மதியாக இருந்தான்.

அந்தப் பெட்டிதான் காணாமல் போயிருந்தது.

வாக்குப்பதிவு முடிந்த சாயங்காலம் கொட்டித் தீர்த்த மழை. பள்ளிக்கூடக் கூரை ஒழுகியதால், கீழே ஐலேலி டவுனுக்குக் கொண்டுவந்து எண்ணலாம் என்று முடிவானது. பெட்டி, சீக்கிரம் போய்ச்சேரக் குறுக்குப் பாதையில் எலெயுதேரியோவின் குதிரை முதுகில். மற்றவர்கள் மலையைச் சுற்றி ஜீப்பில். தளபதி கட்சி ஏஜென்ட் டாக்டர் கட்சி ஏஜென்ட்டைக் கண்காணிக்க ஜீப்பில் ஏறினான். டாக்டர் கட்சி ஏஜென்ட் தளபதி கட்சி ஏஜென்ட்டைக் கண்காணிக்க ஜீப்பில் ஏறினான். இரண்டு பேரையும் கண்காணிக்க சார்ஜென்ட் ஏறினார். பெட்டியைக் கண்காணித்தது குதிரை ஒன்றுதான்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு எலெயுதேரியோவை டிலி சிறைக்கு ஏற்றுகிறார்கள். அரசுக்கு எதிரான சதி. குறைந்தது பன்னிரண்டு வருஷம் கம்பி எண்ண வேண்டியதுதான். டிலி கடற்கரையில் மீன் சுட்டு விற்கும் அவன் அக்கா அக்ரிப்பினா நேற்று ஒலாந்தினாவின் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து அழுதாள். கட்டணம், மாசம் முழுக்க சுட்ட மீன். அகபிதோ அப்போதே சம்மதித்துவிட்டான்.

"இதெல்லாம் இவன்கிட்ட இருந்தது," என்று சார்ஜென்ட் மேஜையைக் காட்டினார். வெற்றிலைப் பை, ஜெபமாலை, சுருட்டிய கயிறு, மரப்பிடி போட்ட ஒரு ஊசி. "இது ஆயுதம்."

அகபிதோ ஊசியை எடுத்துத் தன் சிகரெட் பாக்கெட்டில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தான். முக்கோணமாய் ஒரு பொத்தல் விழுந்தது. "சார்ஜென்ட் ஐயா, இது சேணம் தைக்கிற குத்தூசி. இதை வச்சு ஆட்சியைக் கவுக்கணும்னா நூலும் வேணும்."

ஒலாந்தினா கயிற்றை விரித்து நுனியிலிருந்து நுனிவரை பார்த்தாள். "தம்பி, பெட்டியை இந்தக் கயித்துலதான கட்டியிருந்த? அறுத்தாங்களா, அவிழ்த்தாங்களா?"

ஜெபத்தில் இல்லாத கேள்வி. எலெயுதேரியோ விழித்தான். "அவி... அவிழ்த்தாங்க."

"கொட்டுற மழையில ஊறின முடிச்சை, நாலு முகமூடி உக்காந்து பொறுமையா அவிழ்த்து, கயித்தைச் சுருட்டி உன் கையில குடுத்துட்டுப் போனாங்க?"

"மரியாதை தெரிஞ்ச திருடங்க அக்கா," என்றான் அகபிதோ. "நம்ம டிலி பசங்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லணும்."

"சரி, விடு. பெட்டியை நான் கண்டுபிடிச்சுட்டா உன்னை விட்டுருவாங்க. சந்தோஷம்தான?"

எலெயுதேரியோ கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். "வேணாம் அக்கா. உங்க கால்ல விழறேன். பெட்டி கிடைக்க வேணாம். நான் ஜெயிலுக்கே போயிடறேன்."

வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைத்தபோது அகபிதோ கேட்டான். "விடுதலை வேணாம்னு அழற கைதியை எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்ததில்லை. அதனாலதான் மேல போறோம்."

* * *

பாத்துமெரா போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. அகபிதோவின் முதுகெலும்பு வரும் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது. மூடுபனிக்குள் முன்னோர்களுக்கான புனித வீட்டின் கூர்க்கூரை, பக்கத்தில் தேவாலயம், எதிரே பள்ளிக்கூடம். மரத்தடியில் இரண்டு ஜீப். ஒன்றைச் சுற்றிச் சிவப்பு பனியன், மற்றதைச் சுற்றி நீல பனியன்.

அகபிதோ காதைத் தீட்டினான். "அக்கா, என்னமோ குறையுது."

"என்ன?"

"சத்தம். நம்ம நாட்டுல ஆம்பளை பெத்த பிள்ளையைத் தூக்க மாட்டான், சேவலைக் கக்கத்துல வச்சுக் கொஞ்சுவான். இங்க வந்து கால் மணி ஆச்சு, ஒரு சேவல் கூவல. கோழி மேயுது, குஞ்சு மேயுது. மாப்பிள்ளைங்களை மட்டும் காணோம்."

"அதை மறந்துராத," என்றாள் ஒலாந்தினா.

சிவப்பு பனியன் ஏஜென்ட் ஓடிவந்து அவளைத் தனியே தள்ளிக்கொண்டு போனான். "அக்கா, ரகசியம். இந்த ஊரு மொத்தமும் தளபதிக்குத்தான். ஊர்த் தலைவர் அபராவ் எங்க கண்ணு முன்னால சேவலை அறுத்து, ரத்தத்தைக் கள்ளுல விட்டுக் குடிச்சு சத்தியம் பண்ணிருக்கார். ஒரு வீடு பாக்கி இல்லாம, ஒரு ஓட்டு சிதறாம. அதனாலதான் டாக்டர் ஆளுங்க பெட்டியை அமுக்கிட்டாங்க."

பத்தடி தள்ளி நீல பனியன் ஏஜென்ட் வழிமறித்தான். "அக்கா, ரகசியம். இந்த ஊரு மொத்தமும் டாக்டருக்குத்தான். அபராவ் எங்க கண்ணு முன்னால சேவலை அறுத்து..."

"ரத்தத்தைக் கள்ளுல விட்டு," என்று அகபிதோ எடுத்துக் கொடுத்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா ஒரு ஊகம் அண்ணே. ஊருக்குள்ள தேடினீங்களா?"

"பன்னித்தொழுவம் வரைக்கும் கிளறியாச்சு. புனித வீட்டையே தலைவர் திறந்து காட்டிட்டார். இல்லை. நாங்களும் சிவப்புக்காரனும் சார்ஜென்ட்டும் மூணு நாளா தினம் மத்தியானம் தேவாலயத்துல முழங்கால் போட்டு வேண்டிக்கிட்டிருக்கோம்."

பள்ளிக்கூடத்தில் தேர்தல் அதிகாரி ரொசால்வா டீச்சர் வாக்குச்சாவடியை அப்படியே பூட்டி வைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். அட்டைத் தடுப்பு ஒன்று. அதற்குள் மேஜை. மேஜையில் சணலில் தொங்கும் ஆணி. வேட்பாளர் படத்தில் ஆணியால் குத்துவதுதான் இங்கே ஓட்டு; சீட்டை வைத்துக் குத்துவதற்கு அடியில் அகலமான ஒரு வாழை மட்டை.

ஒலாந்தினா ஆணியை மூக்கருகே கொண்டுபோனாள். நுனியில் பழுப்பாய் ஏதோ காய்ந்திருந்தது. "டீச்சர், பழைய ஆணியா?"

"புத்தம் புதுசு மேடம், டிலியில இருந்து வந்தது. காலைல தலைவர் வந்து, ஆசீர்வாதம் பண்ணித் தரேன்னு வாங்கிட்டுப் போனார். பெரிய மனுஷன், எப்படி முடியாதுன்னு சொல்றது?"

ஒலாந்தினா ஆணியை விட்டுவிட்டு மட்டையைப் பார்த்தாள். "அகபிதோ, எண்ணு."

"எதை?"

"ஓட்டையை."

"அக்கா, கண்டக்டர் வேலையில ஆளைத்தான் எண்ணுவேன். அதுவும் பாதி ஆளை முதலாளிக்குத் தெரியாம எண்ணுவேன்."

"எண்ணு."

அவன் மட்டையின் மேல் கவிழ்ந்தான். இரண்டு இடத்தில் பொத்தல்கள் மொய்த்திருந்தன, இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம், ஓரமெல்லாம் கருத்து. இரண்டு தடவை எண்ணினான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"முன்னூத்தித் தொண்ணூத்தாறு."

"ஓட்டுப் போட்டது எத்தனை பேர்?"

"இருநூத்திப் பதினாலு."

"ஓட்டை மேலயே ஓட்டை விழுந்தா எண்ணிக்கை குறையும். கூடுமா?"

அகபிதோ மட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "கள்ள ஓட்டு! ஆளுக்கு ரெண்டு!"

"ஆளுக்கு ரெண்டு சீட்டு போயிருந்தா, டீச்சர் கைல மிச்ச சீட்டு குறைஞ்சிருக்கணும். குறைஞ்சுதா டீச்சர்?"

"ஒண்ணுகூடக் குறையல. குடுத்தது சரியா இருநூத்திப் பதினாலு."

"ஓட்டுப்பதிவு முடிஞ்சதும் என்ன பண்ணினீங்க?"

"எண்ணுற விதிமுறையை ஊர் கூட்டிச் சத்தமா வாசிச்சேன். எந்த ஓட்டு செல்லும், எது செல்லாதுன்னு. பாதியில தலைவருக்கு மயக்கமே வந்துருச்சு. பாவம், பசி போலன்னு மக்காச்சோளக் கஞ்சி குடுத்தேன்."

ஒலாந்தினாவின் தாடை வெற்றிலையை அரைப்பதை நிறுத்தியது. அகபிதோவுக்கு அந்த அடையாளம் தெரியும். கட்டணமாக வரப்போகும் சுட்ட மீனின் வாசனை அவன் மூக்கை எட்டியது.

"அகபிதோ, பெட்டியைத் தூக்கினவனுக்கு ஜெயிக்கிற ஆசை இல்லை. யாரும் எண்ணிடக் கூடாதுங்கிற பயம்."

* * *

மத்தியான மணி அடித்தது. ஊரே தேவாலயத்துக்குள் போனது. சிவப்பு, நீலம், பின்னாலேயே வந்து சேர்ந்த சார்ஜென்ட், எல்லாரும் முழங்காலில். பீடத்தில் மாதா சொரூபம், அடியில் தரைவரை தொங்கும் நெய்த தாய்ஸ் துணி, சுற்றிலும் மெழுகுவர்த்தி. முன்வரிசையில் ஊர்த் தலைவர் அபராவ், வெள்ளைத் தாடியுடன், கண்ணை இறுக மூடியிருந்தார். பெட்டி கிடைக்க வேண்டும் என்று சார்ஜென்ட் உரக்க ஜெபித்தபோது அபராவின் தோள் குலுங்கியது.

ஒலாந்தினாவும் முழங்காலிட்டாள். ஆனால் கண்ணாடிக்கு மேலாக அவள் பார்த்தது சுவரை.

"அகபிதோ," என்று முணுமுணுத்தாள். "மாதாவுக்குப் பின்னால பாரு."

வருஷக்கணக்கான மெழுகுவர்த்திப் புகை சுவரைக் கரியாக்கியிருந்தது. நடுவே வெள்ளையாய் ஒரு தலை, இரண்டு தோள். மாதா நின்றதால் புகை படியாத இடம். அந்த வெள்ளைத் தலை இப்போது மாதாவின் முழங்காலுக்குப் பின்னால் இருந்தது.

அகபிதோ நிமிர்ந்து பார்த்தான். "வளர்ந்துட்டாங்க!"

ஒலாந்தினா எழுந்து தலைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "பெரியவரே, உங்க ஊர்ல எத்தனை சேவல் இருந்துச்சு?"

அபராவ் கண்ணைத் திறக்கவில்லை. "பதினொண்ணு."

"முதல் சுற்றுல ஒன்பது வேட்பாளர், ஒன்பது சத்தியம், ஒன்பது சேவல். ரெண்டாம் சுற்றுல ரெண்டு. கணக்கு தீர்ந்துச்சு."

பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் என்னம்மா பண்றது? ஒன்பது பேரும் மலையேறி வந்தாங்க. ஒன்பது பேரும் காட்டுல எங்க சோறு தின்னவங்க. எவன்கிட்ட மாட்டேன்னு சொல்றது? வீட்டுக்கு வீடு பிரிச்சு, ஆளுக்கு இருபது சொச்சம் ஓட்டு போட்டோம். ஒன்பது பேரா இருந்தா மழுப்பிடலாம். எட்டுப் பேர் தோத்துப் போவாங்க, கேக்க வர மாட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேரை மிச்சம் வைப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"திரும்ப வந்தாங்க."

"கோபமா வந்தாங்க. போன தடவை இருபதுதான் விழுந்துச்சு, இப்ப மொத்த ஊரும் வேணும், ஒரு வீடு மிச்சமில்லாம, சத்தியம் பண்ணுன்னாங்க. திங்கக்கிழமை ஒருத்தன், செவ்வாய்க்கிழமை ஒருத்தன். ரெண்டு சத்தியத்தையும் காப்பாத்தணும்ல? ஆணியை, மிச்சம் வச்சிருந்த சேவல் ரத்தத்துல தோய்ச்சேன். இந்த ஆணியைத் தொடுறவன் ரெண்டு பேரையும் குத்தணும்னு ஊருக்குச் சொன்னேன். ஆளுக்கு ரெண்டு குத்து. யாருக்கும் துரோகமில்லை. அப்புறம்தான் இந்த டீச்சர் வாசிக்குது, ரெண்டு குத்து இருந்தா செல்லாதுன்னு! ரெண்டு சத்தியமும் ஒரே நேரத்துல போச்சு."

சிவப்பு ஏஜென்ட்டும் நீல ஏஜென்ட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக இரண்டு முகத்திலும் ஒரே உணர்ச்சி.

"அதனால எலெயுதேரியோகிட்ட பெட்டியை வாங்கிக்கிட்டு, முகமூடிக் கதையைச் சொல்லிக் குடுத்தீங்க."

"ஒரு ராத்திரி வச்சிருந்து விட்டுருவாங்கன்னு நெனச்சோம். அவன் மறுபேச்சே பேசலையே, உடனே சரின்னுட்டான்."

ஒலாந்தினாவின் புருவம் ஏறியது. "உடனேயா?"

"உடனே."

அகபிதோ பீடத்தருகே நின்றான். "ஆமா, புனித வீட்டுல வைக்காம ஏன் இங்க?"

"முன்னோர் மன்னிக்க மாட்டாங்க தம்பி," என்றார் அபராவ். "மாதா மன்னிப்பா."

நாலு பேர் சொரூபத்தை மெதுவாகத் தூக்கினார்கள். டீச்சர் தாய்ஸ் துணியை விலக்கினாள். முத்திரை கலையாமல், வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி. மூன்று நாளாக மண்டியிட்ட சார்ஜென்ட் சிலுவை போட்டுக்கொண்டார்.

* * *

அங்கேயே எண்ணினார்கள். டீச்சர் ஒவ்வொரு சீட்டாக விரித்துத் தூக்கிக் காட்டினாள். இரண்டு முகம், இரண்டு பொத்தல். செல்லாது. செல்லாது. செல்லாது. ஐம்பது தாண்டியபோது சிவப்பு பனியன் உட்கார்ந்துவிட்டான். நூறு தாண்டியபோது நீல பனியன் அவனுக்குச் சிகரெட் கொடுத்தான். ஜன்னலுக்கு வெளியே ஜீப்பின் ரேடியோ, நாடே மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இருநூற்றுப் பதின்மூன்று செல்லாது.

கடைசிச் சீட்டு. டீச்சர் விரித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஒரே குத்து. தளபதிக்கு. செல்லும்."

தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறானது. டாக்டர் வால்டெமார் ஜனாதிபதி. ஆனால் தேவாலயத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. அபராவ் எழுந்து நின்றிருந்தார்.

"எவன்டா அது? ஊரே வாக்கைக் காப்பாத்தியிருக்கு, எவனோ ஒருத்தன் ஏமாத்தியிருக்கான்! எவன் அந்தத் துரோகி?"

நாட்டின் சட்டப்படி அந்த ஊரில் ஒழுங்காக ஓட்டுப் போட்ட ஒரே ஆள் அவன்தான். அவனைத் தேடி இருநூறு முகம் திரும்பியது.

டீச்சருக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டிருந்த அகபிதோவுக்கு அந்தச் சீட்டு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. மற்ற சீட்டிலெல்லாம் வட்டப் பொத்தல். இதில் இருந்தது முக்கோணம். சிகரெட் பாக்கெட் பையில் உறுத்தியது. "அக்கா, இது அந்தக் குத்..."

ஒலாந்தினா அவன் பாதத்தை மிதித்தாள். முழு எடையோடு.

"குத்துமதிப்பா மணி ஒண்ணாச்சு," என்று முடித்தான் அகபிதோ, கண்ணில் நீர் முட்ட.

"டீச்சர், சீட்டையெல்லாம் உறையில போட்டு முத்திரை வைங்க," என்றாள் ஒலாந்தினா. "பெரியவரே, ஓட்டு ரகசியம். யாருன்னு கேக்கக் கூடாது."

"நான் கேக்க மாட்டேன். சேவல் கேக்கும். ஒவ்வொருத்தனையா ரத்தம் தொட்டுச் சத்தியம் பண்ண வைப்பேன்."

"சேவல்?"

அபராவ் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். கோழியும் குஞ்சும்தான் மேய்ந்தன.

சார்ஜென்ட் அறிக்கையோடு போராடிக்கொண்டிருந்தார். மூன்று நாள் தான் மண்டியிட்ட இடத்தில்தான் பெட்டி இருந்தது என்று எழுதினால் மேலதிகாரி என்ன சொல்வார்? ஒலாந்தினா குனிந்து சொல்லிக் கொடுத்தாள். "கனமழை காரணமாக, பெட்டி மாதாவின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டது. முத்திரை கலையவில்லை." இரண்டு கட்சி ஏஜென்ட்டும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்கள். மாதா மீது வழக்குப் போட எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை. சார்ஜென்ட் வாக்கிடாக்கியில் ஐலேலியைக் கூப்பிட்டார்.

* * *

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எலெயுதேரியோ ஸ்டேஷன் வாசலில் நின்றான். ஒலாந்தினா வெற்றிலைப் பையைக் கொடுத்தாள், ஜெபமாலையைக் கொடுத்தாள். குத்தூசியைக் கொடுக்கும்போது கையை விடவில்லை.

"நல்ல கூரு. ஆனா முக்கோணமா விழுது தம்பி."

அவன் சுவரில் சாய்ந்தான். "ஊருக்குத் தெரியுமா?"

"உறையில முத்திரை வச்சாச்சு."

"எங்கப்பா தளபதியோட காட்டுல செத்தவரு அக்கா. சாவடிக்குள்ள தொங்குறது தலைவர் சேவல் ரத்தம் தொட்டு வச்ச ஆணி. அதைத் தொட்டா ரெண்டு குத்தணும். கை வரல. மறைவுக்குள்ள போய் ஆணியைத் தொடாம, என் ஊசியை எடுத்தேன். பெட்டியைத் திறந்தா ஒத்தைக் குத்து தெரிஞ்சுருமே. குதிரை இருக்கறதும் இந்த ஊசி இருக்கறதும் ஊர்ல என் ஒருத்தன்கிட்டதான்."

"அதான் ஜெயிலே தேவலைன்னியா?" என்றான் அகபிதோ. "கவலைப்படாத. உங்க ஊர்ல சத்தியம் பண்ண சேவலே இல்லை. குஞ்சு வளர்ந்து கூவ ஆறு மாசம் ஆகும்."

அப்போது மலைப்பாதையை நோக்கி ஒரு ஜீப் திரும்பியது. சிவப்பு பனியனும் நீல பனியனும் ஒரே ஜீப்பில். ஒலாந்தினா கை நீட்டி நிறுத்தினாள்.

"இப்பதான இறங்கினீங்க, மறுபடி எங்க?"

"அடுத்த வருஷம் பார்லிமெண்ட் தேர்தல் வருதே அக்கா," என்றான் சிவப்பு. "இந்தத் தடவை முந்திக்கணும்."

"பெட்ரோல் மிச்சமாகும்னு சேர்ந்து போறோம்," என்றான் நீலம்.

பின்சீட்டில் மூங்கில் கூடைகள். ஜீப் கிளம்பும்போது அதிலிருந்து கணீரென்று ஒரு கூவல். பதிலுக்கு இன்னொன்று.

எலெயுதேரியோவின் கையிலிருந்து ஜெபமாலை விழுந்தது. "ராத்திரிக்குள்ள தலைவர் ரத்தத்தைத் தொடச் சொல்லிருவாரு. பொய்ச் சத்தியம் பண்ண என்னால முடியாதுக்கா."

ஒலாந்தினா ஜெபமாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டாள்.

"யாரு பொய் சொல்லச் சொன்னா? முதல் ஆளா எழுந்து போ. சேவல் ரத்தத்துல கையை வை. 'தலைவர் குடுத்த ஆணியால நான் ஒத்தைக் குத்து குத்தலை'ன்னு ஊர் கேக்கச் சத்தமாச் சொல்லு."

அவன் உதடு அசைந்தது. சொல்லிப் பார்த்தான். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். பிறகு வாசலில் கட்டியிருந்த குதிரையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, சேவல் சத்தம் போன திசையில் குறுக்குப் பாதையில் ஏறினான், ஜீப்பை முந்திவிடுகிற வேகத்தில்.

அகபிதோ வாய் பிளந்து நின்றான். "அக்கா, நீங்க மட்டும் தேர்தல்ல நின்னீங்கன்னா..."

"வாயை மூடிட்டு வண்டியை எடு," என்றாள் ஒலாந்தினா, வெற்றிலைச் சாற்றைத் துப்பியபடி. "மீன் ஆறிப்போகும்."